சென்னை மார்கழி

வந்ததும் வராததுமாகப் பங்காரம்மா தம்பி பாலகோபாலின் தாடையை விரலால் இறக்கிப் பார்த்தாள். அம்புஜம் கட்டிலை ஒட்டி வந்து நின்றாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கணவருக்கு விழுங்க முடியவில்லை. ஒரு சொட்டு வாயில் விட்டாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் அவளைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார். யார் டம்ளரோடு அறைக்குள் வந்தாலும் அவள் எழுந்து கட்டிலை மறைத்து நின்றுகொள்வாள்.

"எதையோ நெனச்சுட்டு உசுரு இழுத்துட்டுக் கெடக்குது அம்புஜம். ஆசைப்பட்டதை நாக்குல வெச்சாத்தான் அடங்கும். எங்க மாமனாருக்குத் தோட்டத்து மண்ணைக் கரைச்சு ஊத்துனோம். ஒரே நிமிசம், போயிட்டாரு" என்றாள் பங்காரம்மா.

அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் அம்புஜம் பயந்தாள்.

என்ன ஆசை என்று தேடவே வேண்டியதில்லை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் காப்பிப்பொடிக் கடை வைத்திருந்த மனிதர், மார்கழி பிறந்தால் சென்னைக்கு ஓடிவிடுவார். சபா சபாவாகக் கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்பினால் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, கேன்டீன் காப்பியைப் பற்றி ஒரு மணி நேரம். அந்தக் கச்சேரிகளின் ஞாபகமாக 'சென்னை மார்கழி' என்று ஒரு கலவை போட வேண்டும் என்று மகன் யஷ்வந்தோடு சேர்ந்து கொட்டையை மாற்றி மாற்றி வறுத்தார். "குடிச்சு முடிச்சும் தம்பூரா மாதிரி பின்னால நிக்கோணும்டா" என்பார். சரியாக வருவதற்குள் படுத்துவிட்டார். அவர் கடைசியாகச் சொன்ன அளவில் யஷ்வந்த் இன்றுதான் வறுத்து அரைத்திருந்தான்.

அத்தை சொன்னதை அவன் தட்டவில்லை. தானே டிகாக்‌ஷன் இறக்கி, ஸ்பூனில் ஆற்றிக்கொள்ளலாம் என்று ஆவி பறக்கவே கொண்டுவந்தான். அறையெல்லாம் மணத்தது. பாலகோபாலின் மூக்கு விடைத்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"பாரு, கேக்குறான்!" பங்காரம்மாவுக்குக் குரல் உடைந்தது. "பொண்டாட்டி கையால ஊத்தோணும். ஊத்து கண்ணு."

"வேண்டாமுங்க வதினா. பொரையேறிரும்ங்க" என்று நாத்தனாரைத் தடுத்தாள் அம்புஜம்.

"இப்பிடியே கெடந்து இழுக்கட்டும்ங்கிறியா?"

"அம்மா, ஒரே ஒரு ஸ்பூனும்மா" என்றான் யஷ்வந்த். அவன் அழுதுகொண்டிருந்தான்.

டம்ளர் அவள் கைக்கு வந்துவிட்டது. ஊற்றினால் தன் கையாலேயே கொன்றதாகும். ஊற்றாவிட்டால் ஆசை தீராமலே அனுப்பியதாகும். பங்காரம்மா ஸ்பூனை நீட்டினாள்.

அம்புஜம் டம்ளரைத் தன் வாயிலேயே கவிழ்த்துக்கொண்டாள். கொதிக்கக் கொதிக்க, கண்ணில் நீர் முட்ட, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

"அடிப்பாவி, என்ன பண்றே!"

யஷ்வந்த் பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினான். காலி. அதன் பிறகுதான் மூவரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள். பாலகோபாலின் மார்பு ஏறி இறங்கவில்லை.

பங்காரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று அம்புஜம் பயந்து நின்றாள்.

"நல்லா இருந்துச்சா அம்மணி?" என்று மட்டும் கேட்டாள் பங்காரம்மா.

நாக்கு வெந்து போயிருந்தது. ருசி எதுவும் தெரியவில்லை. அம்புஜம் கணவரின் காதருகே குனிந்தாள்.

"நல்லா வந்திருக்குதுங்க" என்றாள்.