வேலிப்பக்கம் வந்த வல்லூறு

துப்பாக்கியின் அடிக்கட்டை சச்சிதானந்தனின் நெற்றியில் இறங்கியது. அவன் வேலிக்கம்பியில் சரிந்து புல்லில் விழுந்தான்.

கிரிஜா கணவனின் தலையை மடியில் தூக்கினாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"கார்ச் சாவி," என்று கிரிஜாவிடம் கை நீட்டினான் துப்பாக்கிக்காரன் கீத். வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான். "குஞ்சுகள் என் கைக்கு வரட்டும். அப்புறம் இவன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

மெல்பேர்னுக்கு மேற்கே, வெரிபியைத் தாண்டிய புல்வெளி. 1974 அக்டோபர். கூகையும் பருந்தும் பார்க்க வாராவாரம் வரும் யாழ்ப்பாணத் தம்பதி இவர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வீடு கிடையாது. ஓடைக்கரையில் ஒற்றை யூகலிப்டஸ் மரம், அதன் உச்சியில் பெரிகிரின் வல்லூற்றின் கூடு. வேட்டைக்குப் பழக்குகிறவர்கள் அந்தக் குஞ்சுகளைக் கள்ளத்தனமாக வாங்கிக் கப்பலேற்றுவார்கள்.

"போன கிழமை இவனுக்குக் கூட்டைக் காட்டினது நீங்கள்தானே," என்றாள் கிரிஜா, பல்லைக் கடித்தபடி.

"ஓம். நல்ல ஜெர்மன் பைனாகுலர் வச்சிருந்தானப்பா," என்று முனகினான் சச்சிதானந்தன். "ஏசுறதைப் பிறகு ஏசும்..." கண் செருகியது.

கூட்டுக்கு ஏறுகிறவனுக்குக் கீழே ஒரு ஆள் வேண்டும். தாய்ப்பறவை எந்தப் பக்கமிருந்து பாய்கிறது என்று குரல் கொடுத்தால், ஏறுகிறவன் மரத்தின் மறுபக்கம் ஒதுங்கிக்கொள்வான். பறவை பார்க்கிறவர்கள் இதில் பொய் சொல்வதில்லை.

"என் கூட்டாளி வரவில்லை. நீ குரல் கொடு," என்றான் கீத். "ஓடினால் மேலேயிருந்தே சுடுவேன். முதலில் அவனை."

துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினான்.

வானத்திலிருந்து கல் விழுவதுபோல் வந்தது வல்லூறு.

"ஓடைப்பக்கம்," என்றாள் கிரிஜா. கீத் ஒதுங்கினான். நகங்கள் மரப்பட்டையைக் கிழித்துக்கொண்டு போயின.

"வேலிப்பக்கம்."

மறுபடி தப்பினான். "கெட்டிக்காரி. உங்கள் ஊரில் இதையா சொல்லித் தருகிறார்கள்?" என்று சிரித்தான். இப்போது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை கூட்டை எட்டிவிட்டது.

மடியில் சச்சிதானந்தனின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. குஞ்சுகள் கைக்கு வந்த பிறகு சாட்சிகளை இவன் விட்டுவைப்பானா?

வல்லூறு வேலிப்பக்கம் இறங்கியது.

"ஓடைப்பக்கம்," என்றாள் கிரிஜா.

கீத் வேலிப்பக்கம் சாய்ந்தான். நகங்கள் புருவத்திலிருந்து காதுவரை சதையைப் பிய்த்தெடுத்தன. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தினான். கிளைகள் முறிய, கீழே வந்து விழுந்தான். தொடை எலும்பு காற்சட்டையைக் கிழித்து வெளியே நின்றது.

அவள் பொத்தானைப் பிய்த்துச் சாவியை எடுத்தபோது அவன் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது. "பொய் சொன்னாய்."

கிரிஜா முழங்காலை அந்தத் தொடையில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினாள். அலறலோடு பிடி விட்டது. துப்பாக்கியை உருவி ஓடையில் எறிந்தாள். கணவனின் கக்கத்தில் கைகொடுத்து, இழுத்து இழுத்துக் காருக்குள் கிடத்தினாள்.

"அவன்?" என்றான் சச்சிதானந்தன்.

"பொலிசுக்குச் சொல்லுவம்," என்று காரைக் கிளப்பினாள் கிரிஜா. "உங்களுக்குத் தையல் போட்ட பிறகு."