தாளில் ஐந்தாவது படி

ஆபீசில் அவளுக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர். லிஃப்ட் கம்பெனியின் ஆங்கிலக் கையேடுகளைத் திருத்துவது அவள் வேலை. எண் போட்ட பட்டியல் கண்ணில் பட்டால் போதும், விடமாட்டாள். வரிசையாகச் செய்ய வேண்டியதற்கு மட்டுமே எண் போடலாம். வரிகள் முழு வாக்கியங்கள் என்றால் எல்லாவற்றின் முடிவிலும் புள்ளி வேண்டும், துண்டு துண்டாக இருந்தால் ஒன்றிலும் கூடாது. ஒன்றில் வைத்து ஒன்றில் விட்டிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே!

அவள் கணவன் அதே கம்பெனியில் மெக்கானிக். அவள் திருத்திய புதுப் பராமரிப்புத் தாளை முதன்முதலாகச் செய்து பார்க்க அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். "பொண்டாட்டி பேச்சைக் கேக்கறதுக்குக் கம்பெனி சம்பளமே குடுக்குது" என்று காலையில் கிண்டலடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

மதியம் அவள் தாளின் பிரதியை எடுத்துப் பார்த்தாள். வேறெதற்கும் இல்லை, அழகு பார்க்கத்தான். அரைகுறையாகத் தொங்கிய இரண்டாவது படியை மூன்றாவதோடு சேர்த்து ஒரே வாக்கியமாக்கியிருந்தாள். அதற்குக் கீழே இருந்த எண்களைக் கம்ப்யூட்டரே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டது. எல்லா வரியிலும் புள்ளி, எல்லாம் கச்சிதம்.

கடைசி வரியில் கண் நின்றது. கயிறு ஓடும் சக்கரத்தில் கை வைக்கும் முன் ஐந்தாவது படியை மறுபடி செய்யவும் என்றிருந்தது. வாக்கியத்துக்குள் கையால் அடித்த அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் தொடவில்லை. கரண்ட்டை நிறுத்துவது முன்பு ஐந்தாவது படி. இப்போது அது நான்காவது. ஐந்தாவதாக வந்து உட்கார்ந்திருந்தது, கரண்ட்டைப் போட்டு லிஃப்டை ஓட்டுவது.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். அவன் போனை எடுக்கவில்லை, வேலை நேரத்தில் எடுக்கவும் மாட்டான். அந்தக் கட்டடத்துக் காவலாளியைப் போனில் பிடித்தாள்.

"அண்ணே, மேல மெஷின் ரூம்ல எங்க வீட்டுக்காரர் இருக்காரு. எதையும் தொட வேணாம்னு ஓடிப்போய்ச் சொல்லுங்க. லைனைக் கட் பண்ணிடாதீங்க!"

செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, இரும்புக் கதவு திறக்கும் ஓசை. பிறகு அவன் குரல் கேட்டது.

"என்னம்மா, என்னாச்சு?"

"எத்தனாவது படியில இருக்கீங்க?"

"கடைசில. கரண்ட்டைப் போடச் சொல்லுதே, சுவிட்சுல கை வச்சுக்கிட்டு நிக்கறேன். அப்புறம் சக்கரத்தப் பாக்கணும்."

"ஐயோ, போடாதீங்க! தாள்ல தப்பு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"அதானே பாத்தேன்" என்றான் அவன்.

"எத்தன வருஷமா பாக்கற வேலை, உங்களுக்குத் தெரியாதா?" என்று அவள்தான் வெடித்தாள்.

"மனசுக்கு இடிக்கத்தான் செஞ்சுது. ஆனா நீ பாத்த தாளாச்சே! ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத்தான் தாங்க முடியவில்லை.

"மொதல்ல கையை எடுங்க" என்றாள் அழுதுகொண்டே. எடுத்தாச்சு என்று அவன் சொன்ன பிறகும் இன்னொரு தரம் சொல்ல வைத்தாள்.