மட்டுமே

அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்தான். சுகாதாரத் துறை அலுவலகத்தில் என் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கமா சார். அர்த்தம் எக்கேடு கெட்டாலும் கமா மட்டும் விழ வேண்டிய இடத்தில் விழுந்துவிட வேண்டும் அவருக்கு. அவசரக் கருத்தடை மாத்திரையை யார் கொடுப்பது என்று மேலிடம் கேட்டிருந்தது. பெயரிலேயே அவசரம் இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று, ‘மருத்துவமனை அவசரப் பிரிவில் வழங்கலாம்’ எனச் சொல்லிவிட்டார். வாக்கியம் சவசவவென்று இருந்தது. ‘அவசரப் பிரிவில் மட்டுமே வழங்க வேண்டும்’ என்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஆணுறை கிழிந்தது.

இரண்டாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள் நான். மூன்றாவது என்றால் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்று அப்போதே டாக்டர் கையை விரித்திருந்தார். மாத்திரையை மூன்று நாளுக்குள் போட்டாக வேண்டும். சனிக்கிழமை காலையில் மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். ‘மட்டுமே’ என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டு வைத்திருந்தார்.

அவசரப் பிரிவில் நர்ஸ் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லையேக்கா. நல்லாத்தானே நடந்து வந்தீங்க? உயிருக்கு ஆபத்துன்னாதான் இங்க அவசரம்.”

என் உயிருக்கும் ஆபத்துதான், ஆனால் ஒன்பது மாதம் கழித்து என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. திங்கட்கிழமை குடும்ப நலப் பிரிவு திறந்திருக்கும், அங்கே போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை அங்கிருந்த டாக்டரம்மா அதே சுற்றறிக்கையை என் முன்னால் நீட்டினார்.

“நாங்க தரக்கூடாதும்மா. பாருங்க, ‘மட்டுமே’ன்னு போட்டு வச்சிருக்கான் ஒரு புண்ணியவான்.”

புண்ணியவான் இல்லை, புண்ணியவதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன்.

டாக்டரம்மா விளக்கம் கேட்டு எழுதிய கடிதம் வியாழக்கிழமை என் மேசைக்கே வந்தது. கமா சார் படித்துவிட்டு, ‘அவசரம்’ என்ற சிவப்புச் சீட்டை ஒட்டி, அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கச் சொன்னார். ஒட்டினேன். அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுக்க என்னால் போக முடியவில்லை. அன்று முழுக்க வாந்தி.

இனி படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாள், விடுப்பு விண்ணப்பம் எழுதி, அதன் மேல் அதே சிவப்புச் சீட்டில் ஒன்றை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கமா சார் நிதானமாகப் படித்தார். ஒரு கமாவைத் திருத்தினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“பிரசவத்துக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கேம்மா. அதுக்குள்ள என்ன அவசரம்?”