வளையமாகக் காயாத சொட்டு

1987-இல் ஓசூர் சிப்காட்டில், மீட்டர் தகடுகளுக்கு வெள்ளைப் புள்ளி வைக்கும் வேலையில் நானும் சம்பங்கியும் பயிற்சிக்குச் சேர்ந்தோம். வெள்ளைப் பொடி கலந்த தண்ணீரை ஊசிமுனையால் தொட்டு, கறுப்புத் தகட்டில் ஒரு சொட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாழாய்ப்போன சொட்டு காயும்போது பொடியெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். புள்ளிக்குப் பதில் வளையம் நிற்கும். எத்தனை தகடுகள் குப்பைக்குப் போயின என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

இருந்தும் பயிற்சியின் அந்த ஆறு மாதத்தில் சிரித்ததுபோல் நான் எப்போதும் சிரித்ததில்லை. தளியிலிருந்து வரும் சம்பங்கியின் ராகிக் களியை நான் தின்பேன், என் தக்காளிச் சோற்றை அவள் காலி செய்வாள். பாதிப் பேச்சு கன்னடத்தில் ஓடும்.

பயிற்சி முடிந்ததும் ஒருத்திக்குத்தான் நிரந்தர வேலை. எனக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே நிக்காஹ் என்று அத்தா முடிவு செய்திருந்தார். சம்பங்கிக்கும் அந்த வேலையை விட்டால் பூத்தோட்டக் கூலிதான்.

கடைசி வாரத்தில் ஒருநாள், எங்கள் இருவருக்கும் பொதுவான கிண்ணத்தை அவள் கழுவினாள். வெந்நீரில் மட்டும்தான் கழுவ வேண்டும், சோப்பு படவே கூடாது என்பது கம்பெனி உத்தரவு. சொட்டுகளை வைத்து முடித்த பிறகு அவள் மெல்லச் சொன்னாள்.

“கறை போகல, அதியா. வீட்டுல கொலுசு கழுவுற மாதிரி பூந்திக்கொட்டை போட்டுத் தேச்சுட்டேன். நுரை போக அலசுனேனான்னு தெரியல.”

“அறிவிருக்கா உனக்கு? தெரிஞ்சா இன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்க!” என்று கத்தினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

சூப்பர்வைசர் கோவிந்தப்பன் வந்து, காய்ந்த தகடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“கிண்ணத்துல என்ன கலந்தீங்க? யாரு செஞ்சது?” அவர் குரல் எப்போதும் அதட்டல்தான்.

“நான் இல்ல சார்,” என்றாள் சம்பங்கி, குனிந்த தலை நிமிராமல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லாத் தகடுகளிலும் முழுப் புள்ளிகள், ஒரு வளையம்கூட இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் சார். பூந்திக்கொட்டைத் தண்ணி,” என்றேன்.

அடுத்த வாரம் வேலை எனக்கு வந்தது. தளி பஸ்ஸில் ஏறும் முன் சம்பங்கி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“என்னைத் திட்டுவாங்கன்னுதானே பழிய நீ ஏத்துக்கிட்ட? அந்த நல்ல மனசுக்குத்தான் வேலை கெடச்சுது.”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.