பாதி வெப்பம்

எண்பதுதான் விடை. அதைச் சிவப்பு மையில் குறுக்கே வெட்டி, பக்கத்தில் முட்டை போட்டிருந்தார் வெங்கடபதி சார். அன்புச்செல்விக்குக் காது மடல் வரை கொதித்தது. தொண்ணூற்றாறாம் வருஷத்து அரையாண்டுப் பரீட்சை. அந்த ஐந்து மார்க் வந்தால் இயற்பியலில் பாஸ். இல்லாவிட்டால் பொங்கல் கழிந்ததும் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டப் போகவேண்டியதுதான் என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லியாயிற்று.

கேள்வி இதுதான்: நொடிக்கு இருநூறு மீட்டர் வேகத்தில் வரும் ஈயத் தோட்டா மரக்கட்டையில் மோதி நிற்கிறது, இயக்க ஆற்றலில் பாதி தோட்டாவுக்கு வெப்பமாகப் போகிறது, வெப்பநிலை எவ்வளவு உயரும்? சார் தன் வீட்டு ட்யூஷனில் ஆற்றல் முழுவதும் தோட்டாவுக்கே போவதாக வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தார். ட்யூஷன் கூட்டம் மொத்தமும் கேள்வியைக்கூடப் படிக்காமல் நூற்றறுபது என்று கக்கி வைத்திருந்தது. அத்தனை பேருக்கும் முழு மார்க். என்ன அநியாயம்!

விடைத்தாளோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள்.

“சார், கேள்வில பாதின்னு இருக்குதுங்க.”

“ட்யூஷன் வந்திருந்தா இப்படித் தப்புப் பண்ணுவியா அம்மணி?”

“படிச்சுப் பாருங்க சார்.”

படித்தார். மூஞ்சி சுண்டிப்போயிற்று. முட்டையை அடித்து ஐந்து போட்டார். “வெளிய சொல்லிப்போடாத கண்ணு. மத்தவங்களுக்கெல்லாம் கொறைக்கோணும். பெத்தவங்க சண்டைக்கு வந்துருவாங்க.”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் அதே மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல், அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டு நூற்றறுபதுக்குக் கீழே கோடு கிழித்தார். “பப்ளிக்ல வரும். அப்படியே மனப்பாடம் பண்ணிக்குங்க.”

பக்கத்தில் தாஜுன்னிசா. அவளும் எண்பது போட்டு முட்டை வாங்கியவள்தான். தன் கணக்குத் தப்பென்றே நம்பி நூற்றறுபதை எழுதிக்கொண்டிருந்தாள். அன்புச்செல்விக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“எண்பதுங்க சார்! மீதிப் பாதி எங்கீங்க போச்சு? நேத்து ஒத்துக்கிட்டுத்தானே எனக்கு மார்க் போட்டீங்க?”

“கொண்டா பேப்பரை. அந்த அஞ்சையும் அடிச்சுப்போடறேன்.”

“அடிங்க சார். நான் தறிக்கே போறேன். தாஜு போட்டது சரின்னு போர்டுல எழுதிப்போட்டு அடிங்க.”

அவர் விடைத்தாளை வாங்கி ஐந்தை மட்டும் அடித்தார். போர்டைத் தொடவில்லை. அன்புச்செல்வி அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“எந்திரி தாஜு, உன்ற பேப்பரையும் எடு. ஹெட்மாஸ்டர்கிட்டப் போலாம்.”