வாசற்படி விறகு

எங்கள் வீட்டில் விறகு வாங்கியதே கிடையாது. என் வீட்டுக்காரருக்குத் தொழில் வீடு இடிப்பது. ஊரில் இடிகிற வீடெல்லாம் கடைசியில் எங்கள் அடுப்புக்கு வந்துதான் முடியும். கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் வீட்டை ஒட்டிய பட்டறையில் விலைக்கு நிற்கும். துண்டு துக்கடா எனக்கு. போன வாரம் ஒரு பெரிய அதிகாரி வீட்டு அலமாரிச் சட்டத்தில் பால் காய்ச்சினேன். ஆள் எப்படியோ, கட்டை நன்றாகத்தான் எரிந்தது.

இவருக்கு அடுப்பு விஷயத்தில் ஒரே சட்டம்தான். பெயிண்ட் அடித்த கட்டையை எரிக்கக் கூடாது, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அதனால் எந்த வீடு இடிந்தாலும் வாசற்படி நேராக என்னிடம் வந்துவிடும். மிதி வாங்குகிற கட்டைக்கு யார் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள்?

அப்படித்தான் என் அப்பா வீட்டு வாசற்படியும் வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றபோது, அப்பா அந்தப் படியைக் காட்டி, "இனிமே இதை மிதிச்சே, நடக்கிறதே வேற" என்றார். நானும் அவர் மகள்தானே, மிதிக்கவில்லை. இப்போது வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போய்விட்டார். வாங்கியவர் இடிக்கிற வேலையை இவரிடமே கொடுத்தார்.

இவர் படியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, "வச்சுக்கிறியா?" என்று கேட்டார்.

"கோடாலி எங்க?" என்றேன்.

அசல் தேக்கு. நாலு நாள் வெந்நீருக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாலு நாளைப் போல நான் சுகமாகக் குளித்ததே இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் அப்பா பட்டறை வாசலில் நின்றார், மடங்க மறுத்த குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு. தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். "டீ குடிக்கிறீங்களா?" என்றுதான் என் வாயில் வந்தது. அவசரத்தில் கையில் கிடைத்த கடைசித் துண்டை அடுப்பில் திணித்தேன்.

மாமனாரைக் கண்டதும் இவர் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். வீட்டையே இடித்துத் தள்ளிவிட்டு, கடப்பாரையை ஒளித்து என்ன ஆகப் போகிறது!

"கதவு பத்திரமா இருக்கு மாமா. எடுத்துக்கங்க."

டீ டம்ளரை வாங்கிக்கொண்ட அப்பா, "கதவு யாருக்கு வேணும்? அந்த வாசற்படி இருக்கா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். "அது... கரையான் அரிச்சு..."

"தேக்கையா? யாருக்குப்பா காது குத்துறே?" என்றவர் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "புது வீட்டு வாசல்ல அதைப் பதிக்கலாம்னு பார்த்தேன். எதைக் காட்டி மிதிக்காதேன்னு சொன்னேனோ, அதை மிதிச்சே நீ உள்ள வரணும். அதுக்குத்தான் வந்தேன்."

மூலையில் வேறொரு வீட்டுப் படி கிடந்தது. அதைத் துடைத்துக் கொடுத்திருந்தால் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் யார் வீட்டுப் படியையோ மிதித்து என் அப்பா வீட்டுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

"அப்பா, அதுலதான் இந்த டீ கொதிச்சுது."

அப்பா அடுப்பைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார், இனி வரவே மாட்டார் என்று நினைத்து நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"முழுசாவா?"

"முழுசா. நாலு நாள் குளிச்சேன்."

"என் மகளாச்சே. வேற எப்படி இருப்பே?"

டீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். மடங்காத குடையை இவர் கையில் கொடுத்தார்.

"சரி, ரெண்டு பேரும் கிளம்புங்க. அங்க படியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் டைல்ஸ்தான். பார்த்து வா, வழுக்கும்."