பாதிக் கிண்ணம் கம்பு

சினை ஆடு சுறுமாவுக்கு ஐந்தாம் மாதம் பிறந்த அன்று, ராஹிலா அதன் கம்பைப் பாதிக் கிண்ணமாகக் குறைத்தாள். ஆட்டுக்கு ஐந்து மாதக் கணக்குதானே, இனி வாயைக் கட்ட வேண்டும் என்று அவளுக்கு.

கறுத்த உடம்பும், கண்ணிலிருந்து மூக்குவரை இரண்டு வெள்ளைக் கோடுமாக இருக்கும் கன்னி இன ஆடு அது. போன லீவில் சவூதி தம்மாமிலிருந்து காயல்பட்டினம் வந்த அவள் மாப்பிள்ளை மூஸாதான் வாங்கி வந்து, கண்ணுக்கு இடும் சுறுமாவின் பேரை வைத்தான். "நம்ம வீட்டுலயும் ஒரு பிரசவத்தைப் பார்ப்போமே" என்று சிரித்தவன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ராஹிலாவுக்கு ஓர் ஆண் குழந்தை. தலை வந்து, தோள் சிக்கி, உயிரில்லாமல் வந்தது. எடை நாலே கால் கிலோ. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உம்மாவின் தங்கை அஃபீஃபா சாச்சி யாரிடமோ சொன்னது கதவு வழியே கேட்டது. "கடைசி மாசத்துல வாயைக் கட்டியிருக்கணும். அப்படித் தின்னா புள்ள பெருத்துப் போகாதா?"

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கினார்கள். பிறகு அந்த வீட்டில் தொட்டில் கட்டவே இல்லை. சாச்சியின் அந்தச் சொல்லை ராஹிலா யாரிடமும் சொன்னதில்லை, ஒருநாளும் மறந்ததுமில்லை.

அதனால்தான் சுறுமா காலிக் கிண்ணத்தை முட்டி முட்டித் தள்ளியபோது, கிண்ணத்தையே எடுத்து ஒளித்துவைத்தாள். "பொறுத்துக்கோ புள்ளே. உன் நல்லதுக்குத்தான்." நடந்தால் குட்டி நழுவிவிடுமோ என்று கயிற்றையும் அவிழ்க்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாச்சி சிரித்தாள். "ஏளா, புள்ளத்தாச்சிய நோம்பு புடிக்க வைக்கியா? நோம்பு வைக்கச் சொல்லுற நிய்யத்த அதுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

சில நாளில் சுறுமா கேட்பதை நிறுத்திவிட்டது. ராஹிலாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் பாதிக் கிண்ணமும் அப்படியே மிஞ்சியது. தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்று பல்லை நறநறவென்று கடித்தது. வாயிலிருந்து அளிந்த பழம்போல ஒரு வாசம்.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சந்தனச்செல்வி வந்து, ஆட்டின் மூத்திரத்தில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தாள். பட்டை கருஞ்சிவப்பாக மாறியது.

"தீனி என்ன வைக்கியக்கா?"

"பாதியாக் குறைச்சிட்டேன் டாக்டரம்மா. குட்டி பெருத்திரக்கூடாதுன்னு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "தப்பாப் போச்சேக்கா. வயித்துல மூணு கெடக்கு. கடைசி ஒன்றரை மாசத்துலதான் குட்டி வேகமா வளரும். உள்ள தீனிக்கு இடம் கிடையாது. கொஞ்சங்கொஞ்சமா, நாலு வேளையாப் பிரிச்சு, நல்ல தீனியாப் போடணும். தெனம் நடத்தணும். நீங்க வைக்காததுனால தன் கொழுப்பையே கரைச்சுக் குட்டிக்குக் குடுத்திருக்கா. அதுதான் இப்ப விஷமா ஏறி நிக்கி."

சாச்சி தலையில் கைவைத்தாள். "ஏளா ராஹிலா! இந்தப் புத்திய உனக்கு எந்தக் கிறுக்கி சொன்னா?"

ராஹிலா சாச்சியின் முகத்தையே பார்த்தாள். புரை விழுந்த அந்தக் கண்களில் ஆட்டைப் பற்றிய கவலை இருந்தது. வேறொன்றும் இல்லை. சொன்னவளுக்குச் சொன்னது நினைவே இல்லை.

"யாரோ சொன்னாங்க சாச்சி. எப்பவோ."

குளுக்கோஸ் ஏற்றி, குட்டி போட ஊசியும் போட்டார்கள். மறுநாள் பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்போது டாக்டர் எண்ணெய் தடவிய கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டு செத்தே வந்தன. மூன்றாவது ஒருதரம் வாயைத் திறந்தது. ராஹிலா அதன் மூக்கைத் துடைத்து, துண்டால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது அடங்கி வெகுநேரமாகியும் தேய்த்தாள். டாக்டர்தான் துண்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாக்டரம்மா, மனுசிக்கும் இப்படியா? நெறையத் தின்னா புள்ள பெருத்துச் செத்துப்போகுமா?"

"நான் ஆட்டு டாக்டரக்கா." சந்தனச்செல்வி கையைக் கழுவினாள். "எங்க மதினிக்கு வயித்துல புள்ள இருக்கையில சுகர் இருந்துச்சு. புள்ள நாலு கிலோவுக்கு மேல. முன்னமே பாத்து ஆப்பரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. அவ தின்னது குத்தம்னு ஒருத்தரும் சொல்லலை."

தனக்குச் சுகர் பார்த்தார்களா? ராஹிலா எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

சாயங்காலம் சுறுமா தள்ளாடி எழுந்தது. குட்டி கிடந்த சாக்கை முகர்ந்து, தொண்டைக்குள்ளேயே தாழக் கூப்பிட்டது. மடி கனத்துத் தொங்கியது. கொஞ்சங்கொஞ்சமாகத் தீனியைக் கூட்டச் சொல்லியிருந்தாள் டாக்டர். ராஹிலா ஒரு கை கம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் குத்தம் இல்ல புள்ளே." அதன் காதருகே குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள். "பசிச்சுக் கேட்டது குத்தமே இல்ல."

சுறுமா அவள் உள்ளங்கையை முகர்ந்தது. கம்பைத் தொடாமல், திரும்பி, சாக்கைப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டது.